எஸ்பிரெசோ மெஷின் பம்ப் மக்கர் பண்ணுதா? முதல்ல சத்தத்தைக் கேளுங்க

மெஷின்ல தண்ணி வரலன்னா எல்லார் வாயிலயும் முதல்ல வர்றது "பம்ப் போச்சு"ங்கிறது தான். உடனே புது பம்ப் ஆர்டர் போட்டு, கவரைக் கழட்டி, கஷ்டப்பட்டு மாட்டிட்டு ஆன் பண்ணா மறுபடியும் அதே கதை, சத்தம் வருது தண்ணி வரல. ஏன்னா பம்ப் நிஜமாவே செத்துப்போற கேஸ் கம்மி. பம்புக்கு தண்ணி வர்ற வழியில கோளாறு, இல்ல பம்புல இருந்து தண்ணி போற வழியில அடைப்பு, இந்த ரெண்டுல ஒண்ணு தான் அதிகம். அதனால பம்பை சந்தேகப்படறத கடைசிக்கு வெச்சுக்கோங்க, தண்ணி டேங்க்ல இருந்து கப் வரைக்கும் போற ரூட்டை வரிசையா பாத்துட்டு வந்தா பாதி நேரம் ஸ்க்ரூட்ரைவரே எடுக்க வேண்டியிருக்காது.

வீட்டு மெஷின்கள்ல பெரும்பாலும் இருக்கிறது வைப்ரேஷன் பம்ப், உல்கா கம்பெனியோட ஈபி5, ஈஎக்ஸ்5 மாதிரி, கையில அடங்குற சைஸ், 48 வாட் இருக்கும். உள்ள மோட்டார் கிடையாது. ஒரு காயில், நடுவுல ஓட்டை இருக்கிற ஒரு பிஸ்டன், ஒரு ஸ்ப்ரிங், தண்ணி திரும்பி வராம தடுக்க குட்டி குட்டி செக் வால்வு, கூடவே ஒரு டையோடு, அவ்ளோ தான். டையோடு கரண்டோட ஒரு பாதி அலையை மட்டும் விடும், அந்த நேரத்துல காயில் பிஸ்டனை பின்னாடி இழுத்து ஸ்ப்ரிங்கை அமுக்கும், அடுத்த பாதியில காயில் விட்டுடும், ஸ்ப்ரிங் பிஸ்டனை முன்னாடி தள்ளும், தண்ணி வெளிய போகும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்னா இது செகண்டுக்கு 50 தடவை நடக்குது. அந்த "டர்ர்ர்"னு வர்ற சத்தம் இது தான்.

இதுல ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, தண்ணியை உண்மையில தள்றது ஸ்ப்ரிங், காயில் இல்ல. அதனால எதிர்ல ப்ரெஷர் ஏற ஏற தண்ணி வர்ற அளவு குறையும், சத்தமும் மாறும். எதிர்ப்பே இல்லாம ஓடும்போது சத்தம் வெத்தா, கொஞ்சம் கடகடன்னு இருக்கும். காபித்தூள் இருக்கிற பாஸ்கெட் மேல தண்ணி முட்டுனதும் அதே சத்தம் கீழ இறங்கி "ம்ம்ம்"னு கனமா ஆகும். இந்த ரெண்டு சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மெஷின் நல்லா இருக்கும்போதே காதுல ஏத்தி வெச்சுக்கிட்டா பின்னாடி ரொம்ப உதவும், என்னைக் கேட்டா மல்டிமீட்டரை விட இது தான் முக்கியமான டூல்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

ப்ளக்கை புடுங்குங்க. ஸ்விட்ச் ஆஃப் பண்றது பத்தாது, புடுங்கணும். பாய்லர் சூடா இருந்தா முழுசா ஆறட்டும், ஸ்டீம் வாண்டை (பால் நுரைக்க ஆவி வர்ற குழாய்) திறந்து உள்ள இருக்கிற ப்ரெஷரை வெளிய விட்டுடுங்க. தண்ணியும் மெயின்ஸ் கரண்டும் ஒரே டப்பாவுக்குள்ள இருக்கிற சாமான் இது, கவரைத் திறந்து வெச்சுட்டு ஓட்டிப் பாக்கிற ஆசை வேண்டாம். கரண்ட் வேலைல பழக்கம் இல்லன்னா கீழ நான் சொல்ற வெளி செக்கிங் எல்லாம் பண்ணிட்டு, உள் வேலைய தெரிஞ்சவங்க கிட்ட விட்டுடுங்க, எங்க கோளாறுன்னு நீங்களே சொல்லிட்டா அவங்களுக்கும் வேலை சீக்கிரம் முடியும்.

பட்டன் அமுக்கினா சத்தமே இல்ல

லைட் எரியுது, சூடாகுது, ஆனா பம்ப் மூச்சே விடல. அப்போ பம்புக்கு கரண்ட் போகுதாங்கிறது தான் கேள்வி.

முதல்ல டேங்க். நிறைய மெஷின்ல டேங்க்ல ஒரு மிதவை இருக்கும், அதுக்குள்ள குட்டி மேக்னட், மெஷின் பக்கம் ஒரு சென்சார். டேங்க் சரியா உக்காரலன்னாலோ, மிதவை சுண்ணாம்பு படிஞ்சு கீழயே ஒட்டிக்கிட்டாலோ, தண்ணி இல்லன்னு நினைச்சு மெஷின் பம்பை ஓட விடாது. டேங்க்கை எடுத்து, மிதவையை விரலால ஆட்டிப் பாத்து, கழுவி, டக்குன்னு உக்கார்ற மாதிரி அமுக்கி வைங்க. சில மெஷின் சூடு ஏறி முடியறவரைக்கும் பம்பை ஓட்டாது, ஸ்டீம் மோடுல இருந்தாலும் ஓட்டாது, அதையும் பாத்துக்கோங்க.

அது எல்லாம் சரின்னா அடுத்து பம்ப் மேல ஒட்டியிருக்கிற தெர்மல் ப்ரொடெக்டர். பம்ப் ரொம்ப சூடானா கரண்டை கட் பண்ற பாதுகாப்பு இது. ஒரு டைப் ஆறினதும் தானா திரும்ப சேர்ந்துக்கும், அதனால ஒரு மணி நேரம் விட்டுட்டு ட்ரை பண்ணா ஓடும். இன்னொரு டைப் ஒரு தடவை போனா போனது தான், மாத்தணும். இதை ஒரு ஒயர் போட்டு பைபாஸ் பண்ணிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அது எதுக்காக போச்சோ அந்தக் காரணம் உள்ள அப்படியே தான் இருக்கு, அடுத்து எரியப்போறது காயில், அதுக்கப்புறம் பக்கத்துல இருக்கிற ப்ளாஸ்டிக்.

மல்டிமீட்டர் வெச்சு பாக்கிறவங்க நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. ப்ளக்கை புடுங்கிட்டு, பம்ப் ஒயர் ரெண்டையும் கழட்டி, ஓம்ஸ்ல வெச்சு பாத்தா பல பம்ப்ல ரெண்டு பக்கமும் ஓப்பன்னு (அறுந்த ஒயர் மாதிரி) தான் காட்டும், உடனே காயில் போச்சுன்னு முடிவு பண்ணிடறாங்க. டையோடு காயிலோட சீரிஸ்ல உள்ளயே இருக்கு, ஓம்ஸ் மோடுல மீட்டர் குடுக்கிற வோல்டேஜ் அந்த டையோடைத் திறக்கப் பத்தாம போகலாம், அதான் விஷயம். டையோடு மோடுல வைங்க. ஒரு பக்கம் ஏதாவது ரீடிங் வந்து, ப்ரோபை மாத்தி வெச்சா ஓப்பன் காட்டினா பம்ப் எலக்ட்ரிக்கலா நல்லா இருக்கு. ரெண்டு பக்கமும் ஓப்பன்னா காயிலோ டையோடோ அறுந்திருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ரீடிங் வந்தா, டையோடு உள்ள இருக்கிற பம்பா இருந்தா, டையோடு ஷார்ட்.

பம்ப் நல்லா இருந்து ஓடலன்னா ஸ்விட்ச், கனெக்டர், இல்ல போர்டுல பம்புக்கு கரண்டை ஆன் ஆஃப் பண்ற ரிலே, ட்ரையாக். கனெக்டர் கருகியிருக்கான்னு கண்ணாலயே தெரியும். போர்டுன்னா அது வேற ஆளோட வேலை.

சத்தம் வருது, தண்ணி வரல

அதிகம் பேர் மாட்டிக்கிற இடம் இது, கொஞ்சம் பொறுமையா பாப்போம்.

போர்டாஃபில்டரைக் (பாஸ்கெட் உக்கார்ற கைப்பிடி) கழட்டிட்டு ஓட்டுங்க. வெறும் குரூப்ல, அதாவது அந்தக் கைப்பிடி மாட்டுற இடத்துல, தண்ணி நல்லா வருதுன்னா பம்ப் மேல பழியே இல்ல. காபி ரொம்ப நைஸா அரைச்சிருக்கு, இல்ல தூள் அதிகம், இல்ல பாஸ்கெட் அடைச்சிருக்கு. மெஷினோட வர்ற டபுள் வால் பாஸ்கெட் இருக்கே, உள்ள நிறைய ஓட்டை, வெளிய அடியில ஒரே ஒரு ஊசி ஓட்டை, அந்த ஒரு ஓட்டையில ஒரு துணுக்கு காபி மாட்டினா போதும், மொத்த மெஷினும் செத்த மாதிரி ஆயிடும். வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, மெல்லிசான ஊசியால குத்தி, வெந்நியில ஊற வைங்க.

வெறும் குரூப்லயும் வரலன்னா ஸ்டீம் வாண்ட் பக்கம் போங்க. ஒரே பாய்லர், இல்ல தெர்மோப்ளாக் (தண்ணியை ஓட ஓட சூடாக்குற உலோகக் கட்டி) இருக்கிற மெஷின்ல வாண்டைத் திறந்து வெந்நி மோடுல ஓட்டலாம். வாண்ட்ல தண்ணி வருது, குரூப்ல வரலன்னா அடைப்பு குரூப் பக்கம், அதாவது ஷவர் ஸ்க்ரீன் (தண்ணியைப் பரப்பி விடுற சல்லடை), அதுக்கு மேல இருக்கிற பித்தளைத் தகடு, இல்ல சோலினாய்டு வால்வு (கரண்ட்ல திறந்து மூடுற வால்வு). ரெண்டுலயும் வரலன்னா பம்ப் பக்கமோ அதுக்கு முன்னாடியோ. ஹீட் எக்ஸ்சேஞ்சர், டபுள் பாய்லர் மெஷின்ல இந்த டெஸ்ட் சரியா வராது, அதுல வாண்டுக்கு வர்றது ஸ்டீம் பாய்லரோட ஸ்டீம்.

இப்போ சத்தத்தை கேளுங்க. தண்ணி வராம, சத்தம் மட்டும் வெத்தா, உரக்க, கடகடன்னு இருந்தா பம்ப் காத்தைத் தான் அடிச்சுக்கிட்டு இருக்கு, தண்ணி பம்புக்கே வந்து சேரல. சத்தம் அமுங்கி, கனமா, திணறுற மாதிரி இருந்தா பம்ப் வேலை செய்யுது, முன்னாடி தான் எங்கயோ அடைச்சிருக்கு. இந்த ஒரு வித்தியாசத்தை வெச்சு பிரச்சனையை ரெண்டா வெட்டிடலாம்.

காத்து கேஸ்னா: டேங்க் ஒரு தடவை காலியாகி ஓடியிருந்தா, மெஷின் ரொம்ப நாள் சும்மா கிடந்திருந்தா, இல்ல புதுசா ஃபில்டர் மாட்டியிருந்தா, லைன்ல காத்து மாட்டியிருக்கும். இந்த பம்ப் தண்ணியைத் தள்றதுல கில்லாடி, காத்தை தள்றதுல சுத்த மோசம், காத்தை அமுக்கிக்கிட்டே இருக்கும், அது நகராது. அதனால எதிர்ப்பு இல்லாத வழியைத் திறந்து விடணும். டேங்க்கை முழுசா நிரப்பி, ஃபில்டரை தற்காலிகமா கழட்டிட்டு, ஸ்டீம் வாண்டை முழுசா திறந்து, பத்து பதினஞ்சு செகண்ட் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டுங்க. விடாம ஓட்டாதீங்க, உள்ள ஓடுற தண்ணி தான் பம்பை குளிர வைக்குது, வறண்டு ஓடினா சூடாயிடும்.

இதுக்கும் மசியலன்னா ஊசி இல்லாத ஒரு பெரிய சிரிஞ்ச் எடுத்துக்கோங்க. டேங்க்கை எடுத்துட்டு, டேங்க் உக்கார்ற இடத்துல தண்ணி உள்ள போற வாய் தெரியும், சில மெஷின்ல ஒரு சிலிக்கான் ஹோஸே தொங்கும். சிரிஞ்ச் முனையில ஒரு துண்டு சிலிக்கான் ட்யூப் மாட்டி, அந்த வாய்ல அழுத்தி வெச்சு, வாண்டைத் திறந்து விட்டு மெதுவா தண்ணியை உள்ள ஏத்துங்க. முதல்ல லேசா போகும், காத்து குமிழ் வெளிய வரும், அப்புறம் கைக்கு ஒரு கனம் தெரியும், தண்ணி பம்பை தொட்டாச்சுன்னு அர்த்தம். உடனே டேங்க்கை மாட்டி ஓட்டினா ரெண்டு செகண்ட் இருமிட்டு, சத்தம் கீழ இறங்கி, வாண்ட்ல தண்ணி பீச்சும்.

ஏத்தினதுக்கப்புறமும் அடிக்கடி காத்து புடிச்சுக்கிட்டே இருந்தா பம்புக்கு முன்னாடி எங்கயோ காத்து உள்ள வருது. ஓட்டை விழுந்த ஸ்ட்ரால உறிஞ்சுற மாதிரி தான், வெளிய தண்ணி சொட்டாது, அதனால லீக்குன்னே தெரியாது, ஆனா காத்து மட்டும் உள்ள போகும். ஹோஸ்ல முடி மாதிரி விரிசல், பம்ப் வாய்ல லூசா இருக்கிற ஹோஸ், டேங்க் அடியில இருக்கிற வால்வோட ஓரிங், இந்த மூணும் தான் ஆளு. விரிசல் பெரும்பாலும் ஹோஸ் முனையில தான் இருக்கும், ஒரு சென்டிமீட்டர் வெட்டிட்டு திரும்ப சொருகினா சரியாயிடும். ஹோஸ் மடங்கிக்கிட்டு இருக்கான்னும் பாருங்க, டேங்க்கை அவசரமா வைக்கும்போது அடியில மாட்டி மடங்குறது சகஜம். ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் புதுசுன்னா தண்ணியில முங்க வெச்சு குமிழ் நிக்கிறவரைக்கும் ஊற வெச்சுட்டு தான் மாட்டணும், பழசுன்னா அதுவே அடைச்சிருக்கும், கழட்டிட்டு ஓட்டிப் பாத்தா உடனே தெரிஞ்சுடும்.

அடைப்பு கேஸ்னா: ஷவர் ஸ்க்ரீனைக் கழட்டி பாருங்க, பல பேர் வாங்கினதுல இருந்து கழட்டியே இருக்க மாட்டாங்க, பின்னாடி காபி எண்ணெய் கறுப்பு தார் மாதிரி ஒட்டியிருக்கும். அதைக் கழுவிட்டு, அது இல்லாம ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. சோலினாய்டு வால்வு இருக்கிற மெஷின்ல ப்ரூ பட்டன் (காபி இறக்குற பட்டன்) அமுக்கும்போது பம்ப் சத்தத்தோட சேந்து "டக்"னு ஒரு சத்தம் வரணும். டக் வரலன்னா வால்வு காயில் போயிருக்கலாம், இல்ல ப்ளஞ்சர் (வால்வுக்குள்ள நகர்ற குட்டி உலோகத் தண்டு) சுண்ணாம்புல ஒட்டியிருக்கலாம். வால்வைக் கழட்டி, உள்ள இருக்கிற ப்ளஞ்சரையும் ஓட்டையையும் சிட்ரிக் ஆசிட் கரைசல்ல ஊற வெச்சு சுத்தம் பண்ணலாம், கஷ்டமான வேலை இல்ல, அந்த குட்டி ஸ்ப்ரிங் எங்கயும் தெறிச்சு ஓடாம பாத்துக்கோங்க.

டீஸ்கேல் (ஆசிட் கரைசல்ல சுண்ணாம்பை எடுக்கிறது) பண்ணின அடுத்த நாளே தண்ணி நின்னுபோச்சுன்னு புலம்புறவங்க நிறைய பேர். ஆசிட் பம்பைக் கெடுத்துடுச்சுன்னு நினைப்பாங்க. பெரும்பாலும் நடக்கிறது என்னன்னா, பாய்லர் சுவத்துல இருந்த சுண்ணாம்பு முழுசா கரையாம செதில் செதிலா பேந்து வந்து, வழியில இருக்கிறதுலயே குறுகலான ஓட்டையில, அதாவது சோலினாய்டு வால்வுல, போய் அடைச்சுக்கும். ரொம்ப வருஷம் டீஸ்கேல் பண்ணாத மெஷின்ல ஒரே அடியா ஸ்ட்ராங்கா போடாம லேசான கரைசல்ல ரெண்டு மூணு தடவையா பண்றது நல்லது. அலுமினியம் பாய்லர்னா மேனுவல்ல எந்த கெமிக்கல் சொல்லியிருக்கோ அதை மட்டும்.

சத்தம் வந்தா வீடே அதிருது

தண்ணி, ப்ரெஷர் எல்லாம் சரியா இருந்து சத்தம் மட்டும் அதிகம்னா பெருசா பயப்பட ஒண்ணும் இல்ல. பம்பைத் தாங்குற ரப்பர் மவுண்ட் கிழிஞ்சிருக்கும், பம்ப் நேரா பாடியில இடிச்சுக்கிட்டு இருக்கும். இல்ல ட்ரிப் ட்ரே (கீழ சொட்டுத் தண்ணி புடிக்கிற தட்டு), கப் வைக்கிற தட்டு ஆடும். மேல கையை வெச்சு அமுக்கிப் பாருங்க, சத்தம் குறைஞ்சா அது தான்.

ஒரு சத்தம் மட்டும் வேற ரகம். தண்ணி வராம, "கூம்ம்ம்"னு ட்ரான்ஸ்ஃபார்மர் மாதிரி ஒரே இரைச்சல், தொட்டா ரொம்ப சீக்கிரமா சூடாகுது. டையோடு ஷார்ட் ஆனா இப்படி ஆகும், கரண்டோட ரெண்டு பாதி அலையும் காயிலுக்குப் போகுது, பிஸ்டனை விடவே மாட்டேங்குது, ஸ்ப்ரிங்குக்கு தள்ள நேரமே கிடைக்கல. அதே மாதிரி பிஸ்டன் சுண்ணாம்புல இறுகிப் போனாலும் லேசா முனகிட்டு சும்மா இருக்கும். முதல் கேஸ்ல பம்ப் மாத்துறது தான் வழி. ரெண்டாவதுல பம்பைப் பிரிச்சுப் பாக்கலாம்: காயிலை ஸ்லைடு பண்ணி எடுத்துட்டு வாயைத் திருகினா குட்டி ஸ்ப்ரிங், அதோட முனையில கடுகு சைஸ்ல ஒரு ரப்பர் வால்வு, அப்புறம் பிஸ்டன், பெரிய ஸ்ப்ரிங்னு வரிசையா வரும். அந்த கடுகு சைஸ் ரப்பர்ல ஒரு மணல் அளவு சுண்ணாம்பு உக்காந்தாலே பம்ப் தண்ணியை முன்னாடி தள்ளி அதே தண்ணியை பின்னாடி இழுத்துக்கும். கழுவி மாட்டினா சில சமயம் உயிர் வரும். ஆனா பிஸ்டன் உரசுற சீல் தேஞ்சிருந்தா நேரத்தை வீணாக்காதீங்க, புது பம்ப் தான்.

தண்ணி வருது, ப்ரெஷர் வரல

ஷாட் (ஒரு தடவை இறக்குற எஸ்பிரெசோ) பத்து செகண்ட்ல கொட்டிடுது, க்ரீமா (மேல நிக்கிற நுரை) இல்ல, ப்ரெஷர் கேஜ் ஏறவே இல்ல. முதல் சந்தேகம் பம்ப் மேல வேண்டாம், அரைப்பு மேல. தூள் கொரகொரப்பா இருந்தாலோ, பழசா இருந்தாலோ, எந்த பம்பாலயும் ப்ரெஷர் குடுக்க முடியாது, எதிர்ப்பு இருந்தா தான் ப்ரெஷரே உருவாகும்.

அதைப் பிரிச்சுப் பாக்க ப்ளைண்ட் பாஸ்கெட், அதாவது ஓட்டை இல்லாத பாஸ்கெட், இல்ல ரப்பர் டிஸ்க் போட்டு ஓட்டுங்க. கேஜ் இருந்தா 9 பார் பக்கமாவது ஏறி நிக்கணும், கேஜ் இல்லன்னா சத்தம் கனமாகுதான்னு கேளுங்க. பாக்ஸ்ல 15 பார்னு பெருசா போட்டிருப்பாங்க, அது பம்பால அதிகபட்சம் முடியுற அளவு, காபிக்கு வேண்டியது 9 பக்கம் தான், அதனால கேஜ் 15 காட்டலன்னு கவலைப்படாதீங்க. சோலினாய்டு வால்வு இல்லாத மெஷின்ல இந்த டெஸ்ட் பண்ணினா உள்ள ப்ரெஷர் அப்படியே நிக்கும், உடனே போர்டாஃபில்டரைத் திருகினா வெந்நி முகத்துல அடிக்கும், ஆற விட்டு தான் கழட்டணும்.

ப்ளைண்ட் போட்டும் ஏறலன்னா தண்ணி எங்கயோ வேற வழியில தப்பிச்சுப் போகுது. மூணு இடம் பாருங்க. ஒண்ணு, குரூப் கேஸ்கெட் (குரூப்ல இருக்கிற ரப்பர் வளையம்), போர்டாஃபில்டர் ஓரமா வழியும், கண்ணுக்கே தெரியும். ரெண்டு, ஷாட் ஓடும்போதே ட்ரிப் ட்ரே பக்கம் இருக்கிற சோலினாய்டு வால்வோட வெளி குழாய்ல தண்ணி ஓடுதான்னு பாருங்க, ஷாட் முடிஞ்சதும் புஸ்ஸுன்னு கொஞ்சம் வர்றது சரி, ஓடும்போது வந்தா வால்வு சீட்ல அழுக்கு. மூணு, ஓபிவி, அதாவது ப்ரெஷர் அதிகமானா தண்ணியைத் திருப்பி விடுற வால்வு. பல மெஷின்ல அதோட ரிட்டர்ன் ஹோஸ் டேங்க்குக்குள்ளயே வந்து விழும், டேங்க் மூடியைத் திறந்து பாத்தா ஷாட் ஓடும்போது சொட்டு சொட்டா வரலாம், குழாய் திறந்த மாதிரி கொட்டினா அந்த வால்வு திறந்தே மாட்டியிருக்கு.

இந்த மூணும் இல்லன்னா தான் பம்ப் பலவீனம். உறுதி பண்ண ஒரு ஈஸி டெஸ்ட், போர்டாஃபில்டர் இல்லாம அளவு கப் வெச்சு 30 செகண்ட் ஓட்டுங்க. ஈபி5 மாதிரி பம்ப் எதிர்ப்பு இல்லாம நிமிஷத்துக்கு 650 மில்லி வரைக்கும் தரக்கூடியது, மெஷினுக்குள்ள குறுகலான குழாய் எல்லாம் தாண்டி வரும்போது அதைவிட குறையும், தெர்மோப்ளாக்ல இன்னும் குறையும். மெஷின் புதுசா இருக்கும்போதே அளந்து எழுதி வெச்சுட்டா ஒப்பிட ஈஸி. அளவு நல்லா வருது, ஆனா ப்ரெஷர் ஏறலன்னா ஸ்ப்ரிங் தளந்திருக்கு இல்ல சீல் தேஞ்சிருக்கு. அளவே வரலன்னா மறுபடி அடைப்பு, ஃபில்டர் பக்கம் போங்க.

முதல் ஷாட் ஓகே, அடுத்தது மங்கிடுது

ஸ்டீம் போட்டு முடிச்ச உடனே ப்ரூ பண்ணினா பாய்லர்ல தண்ணி 100 டிகிரிக்கு மேல இருக்கும், குரூப்ல தண்ணிக்கு பதிலா ஆவி சீறும், பம்ப் இருமும். இது கோளாறே இல்ல, வாண்டைத் திறந்து கொஞ்சம் தண்ணி ஓட விட்டு பாய்லரைக் குளிர வைங்க, சரியாயிடும். ஸ்டீம் போடாமலே இப்படி ஆச்சுன்னா பம்பு வாய்ல இருக்கிற செக் வால்வு புடிக்கல, பாய்லர் சூட்டுத் தண்ணி பின்னாடி வந்து பம்புக்குள்ள ஆவியாகுதுன்னு சந்தேகப்படலாம்.

இன்னொண்ணு, பம்ப் லேபிளைப் பாருங்க, நிறைய பம்ப்ல 2 நிமிஷம் ஆன், 1 நிமிஷம் ஆஃப்னு போட்டிருக்கும். நாலஞ்சு விருந்தாளி வந்தாங்கன்னு வரிசையா ஷாட் போட்டு, நடுவுல வெந்நி புடிச்சு, ஃப்ளஷ் பண்ணிக்கிட்டே இருந்தா தெர்மல் ப்ரொடெக்டர் கட் பண்ணிடும், அது பண்ண வேண்டிய வேலையைத் தான் பண்ணுது. நடுவுல மூச்சு விட நேரம் குடுங்க. ஆனா ஒரே ஒரு ஷாட்டுக்கே கட் ஆனா காயில் சூடாகுது, பம்ப் போற காலம் வந்தாச்சு.

யாரும் தொடாமலே பம்ப் ஓடுது

ஹீட் எக்ஸ்சேஞ்சர், டபுள் பாய்லர் மெஷின்ல ஸ்டீம் பாய்லரை தானா நிரப்ப ஒரு உலோகக் குச்சி சென்சார் இருக்கும், தண்ணி அதைத் தொட்டா தண்ணி வழியா மெல்லிசா கரண்ட் பாஞ்சு நிறைஞ்சாச்சுன்னு மெஷினுக்குத் தெரியும். குச்சியில சுண்ணாம்பு மூடினா தெரியாது. ஆர்ஓ தண்ணி, டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்தினாலும் தெரியாம போகலாம், ஏன்னா உப்பு ரொம்பக் கம்மியா இருக்கிற தண்ணியில கரண்ட் சரியா பாயாது. பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும், பாய்லர் நிறைஞ்சு வாண்ட்ல தண்ணியா கொட்டும். சுண்ணாம்பு வரக்கூடாதுன்னு ரொம்ப சுத்தமான தண்ணி தேடிப் போறவங்க தான் இதுல மாட்டுவாங்க, கொஞ்சம் மினரல் இருக்கிற தண்ணியைக் கலந்து ஊத்தினா அடங்கிடும்.

அப்பப்போ ரெண்டு செகண்ட் மட்டும் ஓடி நின்னா பாய்லர்ல எங்கயோ ஸ்டீம் கசிஞ்சு தண்ணி குறையுது, வாண்ட் நுனி சொட்டுதான்னு பாருங்க. சாதாரண சிங்கிள் பாய்லர் மெஷின்ல ஸ்விட்ச் ஆஃப் பண்ணியும் பம்ப் நிக்கலன்னா ரிலேயோ ஸ்விட்ச்சோ ஒட்டிக்கிச்சு, ப்ளக்கைப் புடுங்கிட்டு ரிப்பேருக்குக் குடுங்க.

அடியில ஈரம், இல்ல ட்ரிப் ஆகுது

பம்ப் பட்டன் அமுக்கின நொடியில ட்ரிப் ஆனா, அதாவது வீட்டு ப்ரேக்கர் விழுந்தா, பம்ப் மேல தண்ணி சொட்டி காயில் நனைஞ்சிருக்கலாம். பட்டனே அமுக்காம, சூடேறும்போது ட்ரிப் ஆனா ஹீட்டர் எலிமெண்ட் பக்கம், பம்புக்கு சம்பந்தமில்ல. ட்ரிப் ஆகுதேன்னு வேற ப்ளக் பாயிண்ட்ல சொருகி ஓட்டிப் பாக்கிற விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

பெரிய மெஷின்ல ரோட்டரி பம்ப் இருக்கும், தனி மோட்டாரோட. மோட்டார் முனகுது சுத்தலன்னா கெப்பாசிட்டர் வீக்கா இருக்கலாம், இல்ல பம்ப் இறுகியிருக்கலாம், பம்பைத் தனியா கழட்டி தண்டை கையால சுத்திப் பாத்தா எதுன்னு தெரிஞ்சிடும். வறண்டு ஓடினா வைப்ரேஷன் பம்பை விட சீக்கிரமா பாழாகும்.

சரி, பம்ப் தான் போச்சுன்னு உறுதியாயிடுச்சு

பழைய பம்ப் லேபிள்ல இருக்கிற மாடல், வோல்டேஜ், ஹெர்ட்ஸ் மூணையும் அப்படியே பாத்து வாங்குங்க. 120 வோல்ட் பம்பை 230ல மாட்டினா ஓடுற கொஞ்ச நேரத்துலயே கருகும். ஈபி5க்கும் ஈஎக்ஸ்5க்கும் முக்கிய வித்தியாசம் தண்ணி வெளிய போற வாய், ஒண்ணுல ப்ளாஸ்டிக், ஒண்ணுல பித்தளை. பித்தளை கொஞ்சம் தாங்கும், ப்ளாஸ்டிக்ல ஸ்பேனரை ஒரு சுத்து அதிகமா போட்டா விரிசல் விட்டுடும், அந்த விரிசல் ப்ரெஷர் ஏறும்போது மட்டும் தான் கசியும், அதனால கண்டுபிடிக்கவே நாளாகும்.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒயர், ஹோஸ் எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்கோங்க. பம்ப் மேல தண்ணி போற திசைக்கு அம்புக்குறி இருக்கும், பாத்து மாட்டுங்க. தெர்மல் ப்ரொடெக்டரை பழைய பம்புல இருந்து எடுத்து புதுசுல ஒட்டி உக்கார்ற மாதிரி வைங்க, மறந்துட்டு தொங்க விட்டா அது இருந்தும் பிரயோஜனம் இல்ல. ரப்பர் மவுண்ட் காய்ஞ்சிருந்தா கையோட மாத்திடுங்க. வாய் திருகுற இடத்துல டெஃப்லான் டேப்பை திருகுற திசையிலயே சுத்துங்க, நுனியில ஒரு மரை விட்டுட்டு சுத்தினா டேப் துண்டு உள்ள போய் வால்வை அடைக்காது.

மாட்டினதும் கவரை வெச்சு மூடிட்டு, சொன்ன மாதிரி வாண்டைத் திறந்து காத்தை வெளியேத்தி, அப்புறம் ப்ளைண்ட் பாஸ்கெட் போட்டு பத்து செகண்ட் ஓட்டுங்க. புது பம்ப் பழசை விட அதிகமா தள்ளும், கேஜ் முன்னாடி இருந்ததை விட ரொம்ப மேல நின்னா ஓபிவியை கொஞ்சம் இறக்கி வைக்கணும், அரைப்பையும் திரும்ப செட் பண்ண வேண்டியிருக்கும். அப்புறம் ப்ளக்கைப் புடுங்கி, ஆற விட்டு, கவரைத் திறந்து, காய்ஞ்ச டிஷ்யூவை பம்ப் வாய் இணைப்பைச் சுத்தி ஒத்திப் பாருங்க. டிஷ்யூ நனைஞ்சா கால் சுத்து இறுக்கி மறுபடி ஓட்டிப் பாக்கணும், நனையலன்னா ஸ்க்ரூ எல்லாம் போட்டு மூடிடலாம்.